படத்தில் இருக்கிற வழி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்புப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறது. தன் குடும்பம் பதித்த தடத்தோடேயே மல்லுக்கட்டி அலுத்துப்போன ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

வடகோடிப் பனிநாட்டில் மே மாதம் பிறந்திருந்தது; பனி இன்னும் உருகவில்லை. ஹத்னேயும் அவள் புருஷன் மியூசேனாவும் எண்ணூறு பனிமான்களோடு தங்கள் பழைய வழியிலேயே குழாயருகே வந்து நின்றார்கள். அரசாங்க எரிவாயுக் கம்பெனியின் குழாய். இடுப்பு உயரத்தில், இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடியது. அதற்கு அப்பால் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில்தான் மான்கள் ஈனுகிற நிலம். சினை மான்களுக்கு இன்னும் பத்தே நாள்.

கம்பெனி வாசல் வைக்காமல் இல்லை. ஓரிடத்தில் குழாயை உயரத் தூக்கி, அடியில் மந்தை போகும்படி செய்திருந்தது. ஆனால் அது அரை நாள் தள்ளி, செங்குத்தான கரைக்கு மேலே இருந்தது.

கம்பெனி அதிகாரி கெர்மன் அர்கதியேவிச் பனி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் வானத்திலிருந்து எடுத்த படம்.

"ஹத்னே, இதோ பாரு. உங்க தடம்தான் இது. வாசலுக்கு நேரா போகுது."

"இந்தப் படம் எடுத்த வருஷம் எங்க வழியில உங்க லாரியெல்லாம் நின்னுச்சு, கெர்மன் அர்கதியேவிச். சுத்திப் போனோம். கரையில வழுக்கி விழுந்து பதினோரு சினை மான் வயித்துக் குட்டியைப் பறிகொடுத்துச்சு. அது படத்துல இருக்கா?"

"தடம் இருக்கு. அதான் வழின்னு எழுதியாச்சு."

"நாலு தடவை மனு எழுதினேன். மாவட்டத்துல கேட்டா கம்பெனியைக் கேளுங்கறாங்க. உங்களைக் கேட்டா, கம்பெனி அரசாங்கத்தோடது, அங்க கேளுங்கறீங்க. அரசாங்கம் எந்தக் கூடாரத்துல இருக்குன்னாவது சொல்லுங்க, நானே போய்க் கதவைத் தட்டறேன்."

"கூடாரத்துக்கு ஏது கதவு?" என்றான் மியூசேனா.

"நீ சும்மா இரு!"

கெர்மன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "நான் சம்பளக்காரன்மா. படத்துல இருந்தா கட்டுவேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹத்னே குழாயோரமாகவே நடந்தாள். முந்நூறு அடி கிழக்கே, காற்று வளைந்து அடிக்கிற பள்ளத்தில், பனி குழாயின் விளிம்பு வரை குவிந்து கிடந்தது. திரும்பி வந்து கூடாரத் தோல்களை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"கூரையைப் பிரிச்சா பாலம் போடப் போறே?" என்றான் மியூசேனா.

"வேற என்ன இருக்கு நம்மகிட்ட? மண்வெட்டியை எடு."

இரண்டு பகல் பனியை வெட்டிப் போட்டு, இரு பக்கமும் சரிவு கட்டி மிதித்து இறுக்கினார்கள். குழாயின் ரீங்காரம் மான்களை மிரட்டாதிருக்க, மேலே தோல்களை விரித்தாள். மூன்று குளிர்காலம் உட்கார்ந்து அவள் தைத்த தோல்கள். முன்னோடி மான் முகர்ந்தது, தயங்கியது, ஏறியது. பின்னால் எண்ணூறும் ஏறின. எல்லாம் இறங்கி முடித்தபோது தோல் கந்தலாகியிருந்தது. அந்த வருடம் குட்டிகள் அக்கரையில் நல்லபடியாகப் பிறந்தன. ஹத்னேயின் கூடாரம்தான் ஒழுகிற்று.

குளிர் தொடங்கித் தெற்கே திரும்பும்போது, அதே பள்ளத்தில் கிரேன்கள் நின்றன. வேலை நடக்கிறது, சுற்றிப் போங்கள் என்றார்கள். போனார்கள். அந்தத் தடத்தையும் வானம் படம் பிடித்திருக்கும்.

மறு வருடம் மே மாதம். கெர்மன் முகமெல்லாம் சிரிப்பாகக் காத்திருந்தார்.

"ஹத்னே! உன் தடம் படத்துல விழுந்துச்சு. கட்டிட்டோம், பாரு!"

பார்த்தாள். நேர்த்தியான வாசல்தான், உயரமாகக் குழாயைத் தூக்கியிருந்தார்கள். அடியில் இடைவெளியே இல்லை. பனி தரையிலிருந்து குழாய் வரை அடைத்துக்கொண்டு நின்றது.

ஹத்னே அந்தப் பனிச்சுவரைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"எல்லா வருஷமும் பனி இங்கதான் குவியும். அதனாலதான் இங்க ஏறினோம். எங்க வழி அதோ, முந்நூறு அடி மேற்கே. அங்க பனி தங்காது."

"படத்துல..."

"படத்துல பனியும் வெள்ளை, தரையும் வெள்ளை. எங்ககூட ஒரு தடவை நடந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நடக்கறதுக்கு மேலிடத்து அனுமதி வேணும்மா."

மந்தை பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. இந்த முறை ஏறவும் வழியில்லை. பனி செங்குத்துச் சுவர், அதன் தலையில் குழாய், இரண்டு ஆள் உயரத்தில். ஹத்னே சறுக்குவண்டியிலிருந்து மண்வெட்டியை உருவி அவர் கையில் திணித்தாள்.

"தோண்டறதுக்கு அனுமதி வேண்டாம்ல?"

கெர்மன் மண்வெட்டியைப் பார்த்தார், மான்களைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ஸ்கூட்டர்மேல் போட்டார். மூவருமாக மறுநாள் மாலை வரை தோண்டினார்கள். ஒரு மான் அகலத்துக்கு வழி பிறந்தது. ஒவ்வொன்றாக மந்தை கடக்க, கொப்புளம் போட்ட கைகளை ஊதிக்கொண்டே கெர்மன் கேட்டார்:

"அந்த மேற்கு வழிக்கு ஒரு மனு எழுதித் தர்றியா?"

"அஞ்சாவதா?" என்றாள் ஹத்னே. "பேனாவைக் குடுங்க."

உங்கள் வீட்டு வாசல், கண்ணுகளா, நீங்கள் நடக்கிற இடத்திலேயே அமையட்டும். உள்ளே வருகிற குஞ்சு குளுவான் எல்லாம் நல்லபடியாக வந்து சேரட்டும்.