சாக்கடை காப்பாற்றிய கால்

"சாக்கடைத் தண்ணி ஒரு சொட்டு போதும் மாப்ளே, உங்க நாயை ஓட வெச்சுக் காட்டறேன்!" என்றார் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்.

"உங்க கப்சாவை எல்லாம் அக்காகிட்ட வெச்சுக்கோங்க மச்சான்," என்றார் அவருடைய மைத்துனர். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியால் நாயின் பின்னங்கால் அழுகிக்கொண்டிருந்தது. காலை வெட்டிவிடலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார்.

பெரியவர் மருத்துவரிடம் கெஞ்சிச் சில நாள் தவணை வாங்கினார். பழைய சகாக்களோடு சாக்கடை நீரைச் சலித்து, அந்தக் கிருமியை மட்டும் கொல்லும் வைரஸைப் பிரித்தெடுத்தார்.

"கோடிப் பேர் பட்டாளம், என் சட்டைப்பையில!" என்று குப்பியை ஆட்டிக் காட்டினார். மருத்துவர் அதைப் புண்ணில் விட்டார்.

சில வாரங்களில் நாய் ஆறிய காலை அழுத்தி ஊன்றி, மறுகாலைத் தூக்கி, மைத்துனரின் புதுச் செருப்பை நனைத்தது.

மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நடந்துடுச்சு மச்சான். சத்தியமா நடந்துடுச்சு."