மாஸ்டர் உட்கார்ந்த சோபா

இது நடந்த வரிசையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சோபாக்காரர் அச்சகத்துக்கு வந்தது காலையிலா மதியத்திலா என்று ஒவ்வொரு தடவை யோசிக்கும்போதும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. அந்த சோபா சாம்பல் நிறம் என்றுதான் என் ஞாபகம். பச்சை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. நிறம் எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். அதில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அச்சகம் தம்பியுடையது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லா வேலைக்கும் டிசைன் போட்டவள் அவனுடைய அக்கா. தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு, மெஷின் ஓட்டுபவர், பேப்பர் கொண்டுவருபவர், அவளைவிட வயதில் மூத்த வாடிக்கையாளர்கள் வரை எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். அதிகம் பேசமாட்டாள். ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் தான் கேட்டதையே மறந்துபோகும் நேரத்தில்தான் பதில் வரும்.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்த வேலை வந்தாலும், பில் புத்தகமோ பல்பொடி அட்டையோ, ஓரத்தில் ஒரு கொடி போடுவாள். எப்போதோ ஓய்வாக இருந்த ஒரு நாளில் கையால் வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த கொடி அது. கூர் இலைகள், நடுநடுவே சுருள், இரண்டு இலை ஒன்றுபோல இருக்காது. அச்சடித்த தாளின் அடியில் அச்சகத்தின் பெயர்தான் வரும், அக்காவின் பெயர் வராது. கொடி வரும். தெருவில் பறந்து கிடக்கும் துண்டுத்தாளில்கூட அவள் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும்.

ஊரெல்லாம் போனைக் காட்டினால் படம் அசைகிற அச்சு வந்தபோது தம்பியும் அதைப் பிடித்துக்கொண்டான். வாசலில் 'உயிருள்ள அச்சு' என்று பலகை வைத்தான். அச்சகத்துக்கென்று ஒரு ஆப். அதைத் திறந்து அட்டைமேல் போனைக் காட்டினால் அட்டையின் மேலே வீடியோ ஓடும், பொருள் எழுந்து நிற்கும். தம்பியின் மச்சான் நகரத்தில் இதே வேலையைச் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை மொத்தத்தையும் தன்னிடம் கொடுத்துவிடும்படி அவர் தம்பியை அரித்துக்கொண்டே இருந்தார். தம்பி அக்காவிடம் மறைக்காமல் சொன்னான். இந்த வேலையை அவள் கற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்தால் நாற்காலி அவளுடையது. சொதப்பினால் மச்சானுக்கு. அக்கா தலையாட்டினாள். அந்த நாற்காலியை விட்டால் அவளுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

முதலில் வந்தது ஒரு நினைவு அட்டை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இறந்துபோயிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பேசிய ஒரு பழைய வீடியோவை அவர் மனைவி கொண்டுவந்தார். அட்டையில் மாஸ்டரின் படம், சுற்றிலும் அக்காவின் கொடி. போனைக் காட்டினால் மாஸ்டர் உட்கார்ந்தபடியே அட்டைமேல் வந்து பேசுவார்.

இப்படி ஒரு படத்தை ஆப் தேடிப் பார்க்கும் பட்டியலில் ஏற்றும்போது, போன் அதை எவ்வளவு எளிதாக அடையாளம் காணும் என்று சாஃப்ட்வேர் மதிப்பெண் போடும். அட்டைக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் வேலைக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

அடுத்தது சோபாக்காரரின் கேட்டலாக். பக்கத்துக்கு ஒரு சோபா, அடியில் நீளவாக்கில் கொடி. போனைக் காட்டினால் அந்த சோபா நம் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கும், சுவருக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அக்கா அதைத் தனியாக ஒரு சோதனைப் பட்டியலில் போட்டு எல்லாப் பக்கத்தையும் பார்த்தாள். பிசகில்லை. பிறகு பொதுப் பட்டியலில் ஏற்றினாள். அங்கே மாஸ்டர் ஏற்கெனவே இருந்தார். கேட்டலாக்கில் பாதி செய்தித்தாளோடு வீடுகளுக்குப் போனது. மீதியை மறுநாள் தொடங்கும் தள்ளுபடி விற்பனைக்கென்று அச்சகத்திலேயே அடுக்கி வைத்தார்கள்.

சோபாக்காரர் வந்தபோது கோபமாக இல்லை, அதுதான் தம்பிக்குக் கிலி. மனுஷன் கேட்டலாக்கை மேசைமேல் விரித்தார், போனைக் காட்டினார், அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தார். சோபா வரவில்லை. மாஸ்டர் வந்தார். அச்சில் இருந்த மூன்று பேர் அமரும் சோபாவின் நடுவில் வசதியாக உட்கார்ந்து சொன்னார்.

"பெல்ட் போட்டாச்சா? கண்ணாடியப் பாருங்க. அவசரப்படாதீங்க. பக்கத்துல நான்தான் உட்கார்ந்திருக்கேன்."

மெஷின் ஓட்டுபவர் சிரிப்பை அடக்க முடியாமல் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

காலையிலிருந்து போன் மேல் போன் என்றார் சோபாக்காரர். ஒரு வீட்டில் மருமகள் அலறியடித்து ஓடியிருக்கிறாள். இன்னொருவர் சோபாவோடு டிரைவரும் வருவாரா என்று கேட்டிருக்கிறார். மாஸ்டரிடம் மூன்று தடவை தேர்வில் தவறிய ஒருவர், செத்தும் இந்த ஆள் என்னை விடமாட்டேன் என்கிறாரே என்று புலம்பியிருக்கிறார்.

"நாளைக்கு கடைக்கு வர்றவங்க போனைக் காட்டினா சோபாதான் தெரியணும் அக்கா. வேற யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. போன் மனிதனைப் பார்ப்பதில்லை. அது தேடுவது கூர்மையான முனைகளை. மாஸ்டரின் படம் மங்கல், தலையோ வழுக்கை. சோபாக்கள் வழவழவென்று இருந்தன. முனை என்று சொல்ல இருந்ததில் பெரும்பாலும் அவளுடைய கொடியின் இலைகள்தாம். ஐந்து நட்சத்திரம் மாஸ்டருக்கு இல்லை, கொடிக்கு. கொடியை எங்கே கண்டாலும் அது முதலில் வந்தவரைத்தான் கூப்பிடும்.

தம்பிக்கு அது ஒரு வேலையே இல்லை. "மாஸ்டரை எடுத்துடு. ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது."

"எடுத்தா அட்டையில வரமாட்டாரு."

"அந்த அட்டைய யாரு பார்க்கிறா?"

யார் பார்க்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். எந்த அட்டையை எத்தனை போன் திறந்தது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அட்டை கொடுத்த வாரம் நிறையப் பேர் திறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நேற்றுவரை ஒரே ஒரு போன், தினமும் காலையில். அதைத் தம்பியிடம் அவள் சொல்லவில்லை. மாஸ்டர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தம்பி முணுமுணுத்தான். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் மச்சானைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னான்.

மாஸ்டரின் வீடு ஒரு அடுக்குமாடியின் தரைத்தளம். வாசலில் பயிற்சிக் கார் தூசி படிந்து நின்றது. அவர் மனைவி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கும்போதும் இதே வேலைதாம்மா. கூப்பிடாமலே யார் வீட்டுலயாவது போய் உட்கார்ந்துக்குவாரு. டீ குடிக்காம எழுந்திருக்க மாட்டாரு."

அக்காவும் சிரித்தாள். மேசைமேல் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்த அட்டையின் ஓரங்கள் கைபட்டு மழுங்கியிருந்தன.

வீடியோவைப் போனிலேயே போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"அது எங்கிட்ட இருக்கு. அது படம், அவ்வளவுதான்." அவர் அட்டைமேல் போனைப் பிடித்தார். "இங்க பாரு. இந்த ஜக்கு தெரியுது. அந்தப் பக்கம் ஜன்னல் தெரியுது. நடுவுல அவர். இங்கதான இருக்காரு?"

அப்படியானால் வேறு கொடி வரைந்து புது அட்டை அடித்துத் தருகிறேன், அதில் அவர் வருவார் என்றாள் அக்கா. வரும்போதே யோசித்து வைத்திருந்த வழி அது. அந்த அம்மாள் அட்டையைக் கையில் எடுத்தார்.

"எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடுத்துடுவே. அவர்கிட்ட வண்டி கத்துக்கிட்ட பசங்களுக்கு? எங்கெங்கேயோ இருக்காங்க. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாரைப் பார்த்துட்டுத்தான் எடுப்போம்னு அட்டை வாங்கின அன்னைக்கே சொல்லிட்டுப் போனாங்க. திடீர்னு ஒருநாள் வரலைன்னா என்னம்மா நினைப்பாங்க?"

அக்காவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. யாரும் பார்ப்பதில்லை அம்மா, நீங்கள் மட்டும்தான். அதைச் சொன்னால் போதும். அந்த அம்மாள் மறுக்கப்போவதில்லை. புது அட்டையை வாங்கிக்கொண்டு, சரி எடுத்துவிடு என்று சொல்லியிருப்பார். சோபாக்காரருக்கு சோபா கிடைக்கும், அவளுக்கு நாற்காலி நிலைக்கும். வாக்கியம் நாக்குவரை வந்தது. அவள் தண்ணீரைக் குடித்தாள். தம்ளரில் ஒன்றும் மிச்சமில்லாமல் ஆனபிறகும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

தன் கொடியை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் என்று அவளும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கண்டுகொண்டது ஒரு மெஷின். அது தெரிந்த அன்றைக்கே இன்னொருவரிடம் போய் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"சரிம்மா, அவர் இருக்கட்டும்," என்று எழுந்தாள்.

அச்சகத்தில் தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டரை எடுக்கப்போவதில்லை என்று அக்கா சொன்னதும் அவன் சத்தம் போடவில்லை. மிக மெதுவாகக் கேட்டான்.

"செத்தவருக்காக உயிரோட இருக்கிற கஸ்டமரை விடச் சொல்றியா அக்கா?"

"விடச் சொல்லல. கொடியை வெட்டிடலாம்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் கேட்டலாக் கட்டு ஒன்றைத் தூக்கிக் கட்டிங் மெஷினில் வைத்துக் காட்டினாள். அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலம் வெட்டினால் கொடி போய்விடும். கொடியில்லாமல் சோபாக்களை மறுபடி ஏற்றினால் போன் துணியின் கோடுகளையும் மரக்கால்களையும் பார்த்து அடையாளம் காணும். மூன்று நட்சத்திரம் வரும், அது போதும். வீடுகளுக்குப் போய்விட்டதை ஒன்றும் செய்வதற்கில்லை. அங்கே மாஸ்டர்தான் வருவார்.

"பக்க நம்பரும் சேர்ந்து போயிடுமே," என்றார் மெஷின் ஓட்டுபவர்.

"சோபாவுக்கு எதுக்கு நம்பர்," என்றாள்.

தம்பி வெளியே போய் நின்றான். அவன் யாருடனோ போனில் பேசுவது கேட்டது. யாருடன் என்று அக்கா கேட்கவில்லை. கத்தி இறங்க இறங்க இலையும் சுருளுமாகக் காகிதக் கீற்றுகள் தரையில் விழுந்தன. அவளே பெருக்கிக் கழிவுக் காகிதச் சாக்கில் போட்டாள்.

கட்டுகளை எடுத்துப்போக வந்த சோபாக்காரர், குட்டையாகிப்போன கேட்டலாக்கைப் புரட்டினார், போனைக் காட்டினார். சோபா வந்தது, காலியாக. வீடுகளுக்குப் போன கேட்டலாக்குகளில் மாஸ்டர் இருப்பார் என்று அக்கா ஒளிக்காமல் சொன்னாள். அவர் தாடையைத் தடவினார்.

"கடைக்கு வர்றவங்களும் உட்கார்ந்து பார்த்துட்டு எழுந்துதான் போறாங்க. இவரும் ஒருத்தர் உட்கார்ந்தா என்ன ஆகிடப்போகுது," என்று சொல்லிக் கட்டுகளை வண்டியில் ஏற்றினார்.

விற்பனை எப்போதும்போல நடந்தது. போனில் பார்த்து சோபா வாங்கியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் வந்து, உட்கார்ந்து, அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினார்கள். வீடுகளில் கொஞ்ச நாள் வந்தவர்களுக்கெல்லாம் மாஸ்டரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டலாக்குகள் பழைய பேப்பரோடு போய்விட்டன.

தம்பி அந்த மாதமே போன் வேலையை மச்சானின் கம்பெனிக்குக் கொடுத்தான், இப்போதும் அவர்கள்தான் செய்கிறார்கள். அக்காவைப் போகச் சொல்லவில்லை. பில் புத்தகமும் விசிட்டிங் கார்டும் கொடுத்தான், அவள் சில மாதம் அவற்றைக் கொடியில்லாமல் போட்டுக் கொடுத்தாள். சோபாக்காரர் இரண்டாவது கடை திறந்தார். மாஸ்டரின் மனைவி போனை மாற்றினார். புதுப் போனில் அந்த ஆப் ஓடவில்லை, அவர் அச்சகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. மாஸ்டர், மச்சானின் ஆட்கள் பழைய பட்டியலை மூடும்வரை அதில் இருந்தார். அக்கா லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். எந்த ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும் என்று போனில் அம்புக்குறி காட்டும் புத்தகங்களுக்கு அங்கே படம் வரைகிறாள்.