ஏக்கம் இல்லை, சார்

கம்பெனி ஆண்டு மலருக்குத் 'தாய்மண்' என்ற தலைப்பில் கவிதை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். மாரிசெல்வி ஒரு கவிதை எழுதி, போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியில் போட்டாள். நாலாம் நாள் அவளை ஹெச்.ஆர். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

ஒரகடத்தில் காருக்கு வயர்க்கட்டு செய்கிற கம்பெனி அது. அவளுக்குப் பயிற்சிக் காலம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. நிரந்தரம் ஆக்குவார்களா, சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏற்றிவிடுவார்களா என்ற கவலையில் ஒரு மாதமாகவே சோறு இறங்கவில்லை.

ஹெச்.ஆர். அதிகாரி சண்முகசுந்தரத்துக்குக் கோவில்பட்டிப் பக்கம். கவிதை பிடித்தவர். மேஜையில் அவள் எழுதிய தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு படிவம்.

"மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு கவிதைக்கும் படிமம், உணர்வு, மையக்கருத்துன்னு மூணு கட்டம் நிரப்பிக் கொடுக்கணும். உன்னுது எனக்குச் சரியாப் புரியலைம்மா" என்றவர், சத்தமாகப் படித்தார்:

*என் ஊருக்குள் போக அடையாள அட்டை காட்டுகிறேன்*
*கிணறு இருந்த இடத்தில் கை கழுவுகிறேன்*
*வேப்பமரம் நின்ற இடத்தில் வரிசையில் நிற்கிறேன்*
*மணி அடித்ததும்*
*என் ஊரிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிடுகிறார்கள்*

"உனக்கு சங்கரன்கோவில். இது யாரு ஊரு?"

"கற்பனை சார்."

"கை கழுவுற இடம் நம்ம கேண்டீன்தான?"

அவள் குனிந்து தாளைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கேண்டீன் குழாயடியில் வைத்து மஞ்சுளாக்கா சொன்னது இது. லைனில் அவளுக்கு அடுத்து நின்று டேப் சுற்றுகிறவள். கம்பெனிக்கு நிலம் கொடுத்த குடும்பம்; அவர்கள் கிணறு இருந்த இடம்தான் அந்தக் குழாயடி. அவளும் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பெயரைச் சொன்னால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும்.

சண்முகசுந்தரம் வற்புறுத்தவில்லை. பேனாவை எடுத்தார். "சரி விடு. உணர்வு, ஏக்கம். அப்படிப் போட்டுடுறேன். ஊரை நெனச்சு ஏங்குற பொண்ணு. அச்சுக்குப் போயிரும்."

தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். வாசல் வரை வந்துவிட்டாள். திரும்பி வந்தாள்.

"ஏக்கம் இல்லை, சார்."

"பின்ன?"

"ஏக்கம்னா தூரமாப் போயிருக்கணும்லா. இவ போகவே இல்லை. அங்கனயேதான் இருக்கா. ஆனா உக்காரவும் முடியல, கெளம்பவும் முடியல. இருப்புக் கொள்ளல சார், அவளுக்கு."

அவர் பேனாவை மூடினார். "நீ சொல்லுறத எழுதினா இது அச்சாகாதும்மா. யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளை மஞ்சுளா விடவில்லை. "இன்னாடி ஆச்சு? இன்னாத்துக்குக் கூப்டாங்க?"

சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னாள். மஞ்சுளாவின் முகம் சிவந்துவிட்டது.

"எங்க வூட்டு விசயத்த நீ இன்னாத்துக்கு எழுதின? நான் உன்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். பொட்டில போடறதுக்கா சொன்னேன்?"

"தப்புதான்க்கா. நாளைக்கே திருப்பி வாங்கிருதேன்."

மஞ்சுளா எழுந்துபோனாள். தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தாள். "படி பாக்கலாம்."

மனப்பாடமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள். மஞ்சுளா குனிந்து கேட்டாள்.

"வேப்பமரம் இல்ல. புங்கமரம். நான் வேப்பமரம்னு சொல்லவே இல்ல."

"மாத்திருதேன்."

"கடைசீல அனுப்பிடறாங்கன்னு போட்டுக்கீற. யாரு அனுப்பறாங்க? பெல் அடிச்சா நானே இல்ல ஓடறேன், பஸ் பூடும்னு? அதான் எனக்கு வவுறு எரியுது. யாரும் தள்ளிக்கினு வரல. நானே ஓடியார்றேன்."

மாரிசெல்வி தட்டைத் தள்ளி வைத்தாள். ஒரு மாதம் மண்டையை உடைத்தும் அந்த வரி தனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள். பாக்கெட்டில் இருந்த வேலைச் சீட்டின் பின்புறம் எழுதினாள்: *மணி அடித்ததும் என் ஊரிலிருந்து நானே ஓடிவருகிறேன்.*

மறுநாள் காலை டீ நேரத்தில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெச்.ஆர். மேஜைக்கு முன்னால் மஞ்சுளா நிற்கிறாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். டீ நேரம் முடிந்து லைன் ஓடத் தொடங்கியும் அவள் வரவில்லை. மாரிசெல்வி சிவப்பு வயரை மஞ்சள் துளையில் செருகினாள். சூப்பர்வைசர் வந்து கத்தினார். அவர் போன பிறகு இன்னொரு முறை அதையே செய்தாள்.

பத்து நிமிடம் கழித்து மஞ்சுளா வந்து டேப்பை எடுத்தாள்.

"என்னக்கா சொன்னீங்க?"

"கதை என்னுது, எழுத்து அவளுதுன்னேன். ஏக்கமான்னு கேட்டாரு. இல்ல சார், உள்ள கொழந்த அழுவுது, கதவு பூட்டிக்கீது, சாவிய யாரோ எடுத்துக்கினு போய்ட்டாங்க, அப்ப நம்ம கை இன்னா பண்ணும், அதுன்னேன்."

"அவரு?"

"எழுதிக்கினாரு."

மலர் வந்தது. அந்தக் கவிதை அதில் இல்லை. தென்னந்தோப்பையும் ஆற்றையும் பற்றி ஸ்டோர்ஸ் பையன் காசிராஜன் எழுதியது முதல் பக்கத்தில் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மாரிசெல்விக்கு நிரந்தரக் கடிதம் கிடைத்தது. மஞ்சுளாவுக்குப் பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. ஷிப்ட்டும் மாறிவிட்டது.

கேட்டுக்கு வெளியே, ஒருத்தி போகையில் ஒருத்தி வருகையில், இரண்டு நிமிடம் சந்தித்துக்கொண்டார்கள். மாரிசெல்வியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, நான் எழுதாம இருந்திருந்தா உங்களுக்கும் கெடச்சிருக்குமா?"

"தெரில செல்வி."

"எனக்கும் தெரியலக்கா. தூக்கமே வரல."

"எனக்கு மட்டும் வருதா?" மஞ்சுளா அவள் கையைப் பிடித்தாள். "நீ எழுதிக் குடுத்தத எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தபா படிக்கச் சொன்னாரு. அப்பறம் எழுந்து வாசல்ல நடந்துக்கினே இருந்தாரு. இன்னொண்ணு எழுதினா எனக்குக் குடு. பொட்டில போடாத."

பஸ் ஹாரன் அடித்தது. மஞ்சுளா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மாரிசெல்வி அட்டையைக் காட்டி உள்ளே போனாள்.