ஈரத்தாளில் விழுந்த குண்டு

இலஞ்சிக்கு மேற்கே, மலையடிவாரத்துப் பயிற்சி மைதானத்தில் ஆனிச் சாரல் விட்டபாடில்லை. சுட்டு முடித்த டார்கெட் தாள்களை நனையாமல் கொட்டகைக்குள் கொண்டுவருவதே குற்றாலிங்கத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். யுத்தம் தொடங்கியதும், குண்டு விழுந்த இடம் பார்த்து எண் போட அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் கண் பிசகாது என்று பேர்.

"என்ன தாளு அய்யா இது? அப்பளம் கணக்கா இருக்கு. முன்னால கெட்டி அட்டை வரும். குண்டு போனா வட்டமா, ஓரத்துல கருப்பு தட்டி, பாத்ததும் தெரியும். இது நார் நாராக் கிழியுது."

"எழுததுக்கே தாள் கெடைக்காத காலம் அண்ணாச்சி. சுடுததுக்கு இதுவாவது வந்துதே" என்றார் சுபேதார் வீரபாகு. "சீக்கிரம் பாருங்க."

பார்க்க மிச்சம் ஒரே துளை. நம்பிராஜனின் கடைசிக் குண்டு. பத்தாம் வட்டக் கோட்டைத் தொட்டிருந்தால் பத்து. நம்பிராஜன் ஜெயித்து, பாளையங்கோட்டையிலேயே துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டு இருந்துவிடலாம். தொடாவிட்டால் ஒன்பது. போட்டியில் எதிர்த்து நின்ற ஞானதுரையோடு சமம். சமமானால் சர்வீஸில் மூத்தவனுக்குத்தான் அந்த வேலை. மூத்தவன் ஞானதுரை. மற்றவன் பர்மா எல்லைக்கு ரயிலேற வேண்டும்.

நம்பிராஜன், குற்றாலிங்கத்தின் தங்கை மாரித்தாயின் புருஷன். வாசலில் நின்ற சிப்பாய்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

"ஏலே, பாக்கவே வேண்டாம், பத்துதான். தங்கச்சி தாலியவிடக் கோடு பெருசாக்கும்?"

"சும்மா கெடலே. காதுல விழும்."

"விழட்டும். விழணும்னுதானல சொல்லுதேன்."

கிழிந்த தாளில் கண்ணால் மட்டும் தீர்க்க முடியாது. குண்டின் கனத்துக்குக் கடைந்த பித்தளைக் குச்சி ஒன்று உண்டு. அதைத் துளையில் விட்டால் குண்டு எதுவரை தொட்டது என்று தெரியும். ஆனால் ஒரு தரம்தான் விடலாம். விட்டு எடுத்ததும் துளை பெருத்துவிடும். அப்புறம் பார்ப்பது எதுவும் செல்லாது.

குற்றாலிங்கம் நார்களை நகத்தால் நீவிப் படியவைத்து, குச்சியை விட்டுக் குனிந்தார். விளிம்பு கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. மயிரிழைதான். ஆனாலும் தொட்டது.

"என்ன அண்ணாச்சி, தொடுதா?"

வாசலில் யாரோ செருமினான். குற்றாலிங்கத்தின் காது சுட்டது.

"தொடல. ஒம்போது."

குச்சியை உருவிவிட்டார். வாசலில் நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். நனைந்து நின்ற நம்பிராஜன், "சரி மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகு குற்றாலிங்கம் சுபேதாரிடம் திரும்பி வந்தார்.

"அய்யா, அந்தக் குண்டு தொட்டுது."

"எந்தக் குண்டு?"

"நம்பிராஜன் குண்டு. பயலுவ பேச்சுக்குப் பயந்து மாத்திச் சொல்லிட்டேன்."

வீரபாகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளைக்குள் சுண்டுவிரல் தாராளமாகப் போகும்.

"இதுல இப்ப என்னத்தப் பாக்க? மச்சினனுக்காக வந்து அழுதான், சுபேதார் மாத்திட்டாருன்னுதான் சொல்லுவானுவ. உங்க வார்த்தைய நம்பித்தான் எழுதினேன் அண்ணாச்சி. ரெண்டு வார்த்தைய எப்படி நம்ப?"

குத்துக்கல்வலசையில் தங்கை வீட்டுக்கு அவர் நடந்துதான் போனார். மாரித்தாய் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒம்போதுன்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போனான்" என்றாள் திரும்பாமலே. "எண் போட்டது யாருன்னு கேட்டேன். உன் அண்ணன்தான்னான். அப்பறந்தான் மனசத் தேத்திக்கிட்டேன். நீ பாத்தா தப்பா இருக்காதுல்லா."

"மாரி, அது பத்து."

ஊதுகுழல் அவள் கையிலேயே நின்றது.

"அப்ப ஏன் ஒம்போதுன்ன?"

"தங்கச்சி புருஷனுக்குப் போட்டுட்டான்னு சொல்லிருவாங்களேன்னு."

புகை கண்ணில் அடித்தும் அவள் துடைக்கவில்லை.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லாத. தன் குறிதான் தப்பிட்டுன்னு நெனச்சே போகட்டும். வீட்டு ஆளே அனுப்பிட்டான்னு தெரிஞ்சா, அங்கன போயி அவுக கை நிக்குமா?"

"மாரி..."

"அவுக வார நேரம். உன் முகத்தப் பாத்தா கண்டுபிடிச்சிருவாக. நீ எந்திரிச்சுப் போ அண்ணே."