கடைசியாக வருபவர்

மனைவி ஷார்கா இறந்தபின் ராதிம் சனிக்கிழமைகளில் வெளியே போனதில்லை. இந்த முறை அவள் தம்பி மிலோஷ்தான் அவனைப் பிராகிலிருந்து ரயிலேற்றிக் கோட்டைக்கு இழுத்து வந்தான்.

"வா மச்சான். நாலு செத்த ராஜாவைப் பார்த்தா பீர் இன்னும் நல்லா இறங்கும்."

ஒருநாளாவது அவளை நினைக்காமல் கடத்திவிட வேண்டும் என்றுதான் ராதிமும் கிளம்பியிருந்தான்.

முதல் அறை முடிந்ததும் வழிகாட்டிப் பெண் அடுத்ததைத் திறந்தாள். "கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு வாங்க."

சனிக்கிழமைகளில் அவளோடு போன எல்லாக் கோட்டைகளிலும் சொல்வதுதான். எந்தக் கோட்டையிலும் கடைசியாக வருபவள் ஷார்கா. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றுவிட்டு ஓடிவருவாள். அதுவரை ராதிம் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இப்போதும் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் உள்ளே வந்தாகிவிட்டது.

"சாத்துங்க சார்," என்றாள் வழிகாட்டி.

"ஒருத்தர் வரணும்."

அவள் எட்டிப் பார்த்தாள். முதல் அறை காலியாக இருந்தது.

"கோட்டைப் பேய்க்காக நிக்கிறாரு போல," என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

மிலோஷ் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, கைப்பிடியிலிருந்து ராதிமின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான்.

"விடு மச்சான்."

கதவைச் சாத்தினான். அறையின் மறுகோடியில் வழிகாட்டி அடுத்த அறையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கடைசியா வர்றவங்க," என்று ஆரம்பித்தாள்.