வெறும் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு

"எழுத்துல குடுங்க சார்."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தது. சொன்னவர் அக்கா வீட்டுக்காரர். இதே பரிசோதனைக்கூடத்தில் பெரிய சாரின் காரை ஓட்டுகிறவர். லீவு கேள், நாற்காலி கேள், தலைவலி மாத்திரை கேள். மேலே இருக்கிறவர் வாயால் சொன்னதைத் தாளில் கேட்டால் அன்றோடு உன் கதை முடிந்தது. பதினாறு வருஷமாகத் தலையாட்டியே பிழைத்த மனுஷர். இன்னும் கழுத்துச் சுளுக்காததுதான் ஆச்சரியம்.

பெரிய சார் காதில் விழாத மாதிரி மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய சார் என்று பேர்தானே ஒழிய, அவரிடம் பெரிசாக இருந்தது அந்தக் கார் மட்டும்தான்.

குளத்துப் பாசியை ஒழிக்க ஒரு கம்பெனி மருந்து செய்திருந்தது. அது மீனை என்ன செய்யும் என்று தெரியவேண்டும். அதற்காக ஆறு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கு ஏழு மீன், நான்கு நாள். ஐந்து தொட்டியில் மருந்து, ஒன்றைவிட அடுத்ததில் கூடுதலாக. ஆறாவதில் வெறும் தண்ணீர். அதுதான் மற்ற ஐந்துக்கும் சாட்சி. அதில் ஒரு மீன் செத்தால் பொறுக்கலாம்; இரண்டு செத்தால் சோதனையே செல்லாது. மருந்தில்லாத தண்ணீரிலேயே மீன் சாகிறதென்றால், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மருந்தைப் பற்றிப் பேசுவது?

இன்று காலை, இரண்டாம் நாள் கணக்கெடுப்பில், வெறும் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கண்ணாடிக் கம்பியால் வாலடியைத் தொட்டுப் பார்த்தாள். அசைவில்லை. செவுளிலும் இல்லை.

எப்படிச் செத்தன என்று துப்பறிய வேண்டிய அவசியமும் இல்லை. நேற்று கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரிய சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கலக்காத மருந்தின் மூலக்கரைசலை எடுத்து, சர்க்கரை கரைக்கிறவர் மாதிரிக் கம்பியால் கிண்டிக் காட்டினார். துளி விழுந்தாலே தொட்டியை ஆட்டிவைக்கிற கரைசல். அதே கம்பியைத் துடைக்காமல் கழுவாமல் நேரே வெறும் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய், என்ன சுறுசுறுப்பு பாருங்கள் என்று ஒரு மீனைக் குத்தினார். சுத்தத்திலிருந்து அழுக்குக்குப் போகலாம், அழுக்கிலிருந்து சுத்தத்துக்கு வரக்கூடாது. முதல் நாள் வருகிறவர்களுக்கு அங்கே சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். அவள் "சார், கம்பி" என்றாள். அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். இந்தப் பொண்ணு வீட்டிலேயே முதல் பட்டதாரி, அதனால் எல்லாத்துக்கும் பயம் என்றார்.

அவளுக்குப் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"என்னத்தம்மா எழுத்துல குடுக்கறது?" என்றார் இப்போது.

"செத்த ரெண்டையும் எடுத்துட்டு, பின்னாடி இருப்புத் தொட்டியிலேர்ந்து உயிரோட ரெண்டைப் போடச் சொன்னீங்கல்ல. இறப்பு பூஜ்யம்னு எழுதச் சொன்னீங்கல்ல. அதைத்தான். கீழ உங்க கையெழுத்தோட."

"ரெண்டு குட்டி மீனு. இதெல்லாம் ஒரு விஷயமா?"

"விஷயமே இல்லேன்னா எழுதறதுல என்ன கஷ்டம் சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் வருகிறேன், அதற்குள் போட்டுவை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அக்கா வீட்டுக்காரர் வந்தார். கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். சந்தையில் கூடை கூடையாகச் சாகிறது, அதையெல்லாம் எவன் எழுதுகிறான் என்றார். உன் அக்காவை நினைத்துப் பார் என்றார். உன்னோடு சேர்த்து என்னையும் தூக்கி எறிவார் என்று சொன்னபோது மட்டும் சாவி சுழலவில்லை. அந்தப் பயம் நிஜம். அவளுக்கும் அது ஒரு கணம் உறைத்தது.

"மாமா, நேத்து நீங்களும் இங்கதான நின்னீங்க. கம்பியைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்." தொண்டையைச் செருமினார். "ஆனா நான் பாக்கலம்மா."

பதினாறு வருஷ சர்வீஸ் மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனார்.

கணக்குத் தாளில் 'கண்டவர்' என்ற இடத்தில் விழப்போவது அவள் கையெழுத்து. நாளைக்கு எவனோ அந்தத் தாளை நம்பி ஊர்க்குளத்தில் மருந்தைக் கொட்டுவான். சாட்சியை மாற்றி வைத்துவிட்டு அப்புறம் என்ன வழக்கு வேண்டிக்கிடக்கிறது? இந்த ஆளின் கையழுக்கைத் துடைக்கவா அவள் ராவும் பகலும் படித்தாள்?

பேனாவை எடுத்தாள். வெறும் தண்ணீர்: இறப்பு இரண்டு. காரணம்: மூலக்கரைசலைக் கிண்டிய கம்பியைக் கழுவாமல் தொட்டியில் விட்டது. விட்டவர்: பரிசோதனைக்கூடத் தலைவர். சோதனை செல்லாது. நேரம் போட்டாள், கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். மாடியில் தணிக்கைப் பிரிவு இருக்கிறது. அங்கே முத்திரை விழுந்த தாளைப் பெரிய சாரின் பாட்டனாலும் கிழிக்க முடியாது.

சொன்னபடி பத்து நிமிஷத்தில் வந்தார். முகத்தில் சமாதானச் சிரிப்பு.

"போட்டாச்சாம்மா?"

"இல்ல சார். நீங்க எழுதலை, அதனால நானே எழுதிட்டேன்."

தாளை எட்டிப் படித்தார். 'விட்டவர்' என்ற வரியில் அவர் கண் நின்றது. காது மடல் சிவந்தது. அதைக் குடு என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நாளையிலிருந்து இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று நினைக்கிறாயா, நல்லா யோசிச்சுக்கோ என்றார்.

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க முன்னாடி சிரிச்சீங்களே, அப்பவே யோசிச்சாச்சு சார்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மை ஈரமாக இருந்ததால் தாளை மடிக்காமல் விரித்துப் பிடித்தபடி, நீட்டிய அவர் கையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படி ஏறினாள்.