முனையில் ஏறிய நீலம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு யோகேஸ்வரியின் கத்தி முனையில் நீலம் ஏறியது. சுண்டுவிரல் நகத்தளவுதான். அவள் சாணை இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இயந்திரத்தில் புது மணல்பட்டை மாட்டியிருக்க வேண்டும். இன்னும் இரண்டே இழுப்புதானே என்று தேய்ந்துபோன பட்டையிலேயே தீட்டிவிட்டாள். தேய்ந்த பட்டை இரும்பை அரிக்காது, வெறுமனே உரசிச் சூடேற்றும். மெல்லிய முனை அந்தச் சூட்டைத் தாங்காது. நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது. இனி அங்கே கூர் நிற்காது.

மதியம் இரண்டு மணிக்கு ‘மாத்தா பிசாவ்’ இதழிலிருந்து சுகுமாறன் படம் எடுக்க வருகிறார். கத்தி செய்கிறவர்களுக்கென்றே கோலாலம்பூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழ். அதன் அட்டையில் ஜொகூர்க்காரர் கத்தி ஒன்றுகூட இதுவரை வந்ததில்லை. இந்த முறை வருவதாக இருந்தது. ஜொகூரின் மாசாயில் தன் வீட்டு முன்னால், கார் நிற்க வேண்டிய இடத்தில் பட்டறை போட்டு யோகேஸ்வரி செய்த கத்தி.

நீலத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்கள் இருவருக்கும் அனுப்பினாள். செனாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் ரூபேந்திரன் உடனே அழைத்தான். அவனும் கத்தி செய்கிறவன்.

“அக்கா, மணல்தாள் வச்சு ரெண்டு தேய் தேய்ச்சா போயிரும். போட்டோல யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாதுதான். இதழ்க்காரர்கள் எதையும் வெட்டிப் பார்ப்பதில்லை. “கூர் நிக்காத கத்திய நான் குடுக்க மாட்டேன். மறுபடி பதம் ஏத்தணும்,” என்றாள் யோகேஸ்வரி.

“அலமாக், சும்மா கேட்டேன் லா! கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்.”

எட்டேகால் மணிக்கு, ரூபேந்திரனுக்குப் பின்னாலேயே, ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை வைத்துக்கொண்டு கத்தியும் செய்யும் சயீத் வேனில் வந்து இறங்கினார். பின்னால் அவருடைய மின் உலை. அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன அடுப்பு.

“என் பொண்டாட்டியோட கேக் அடுப்பு. இன்னைக்கு அவளுக்கு ரெண்டு ஆர்டர் இருக்கு. ராத்திரி நான் உயிரோட இருந்தா போன் பண்றேன், யோகேஸ்.”

மீண்டும் பதம் ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியைக் கழற்றியாக வேண்டும். மூன்று வாரம் மெருகேற்றிய மெர்பாவ் மரம். யோகேஸ்வரி பித்தளை ஆணிகளைத் துளையிட்டு எடுத்தாள். உளியை வைத்து இரண்டு அடி. மரம் பிளந்து விழுந்தபோது சயீத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் இருவரும் கத்தியைத் தொடவில்லை. வேலையின்போது செய்கிறவர் கையைத் தவிர வேறு கை படாத கத்திக்குத்தான் அட்டை என்பது இதழின் விதி. எண்ணெயை ஊற்றலாம், உலையின் சூட்டைப் பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். ரூபேந்திரன் தன்னை நம்பாமல் கைகளை அக்குளில் செருகிக்கொண்டான்.

“எழுநூத்தித் தொண்ணூறு... எண்ணூறு! அக்கா, இப்ப!”

செக்கச்சிவந்த கத்தியை இடுக்கியால் இழுத்தாள். பாதி வழியில் இடுக்கி வழுக்கியது. ரூபேந்திரன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கத்தி நேராக எண்ணெயில் இறங்கியது. புகை குப்பென்று எழுந்தது.

“கையத்தான் பிடிச்சேன்! கத்தியத் தொடல! பாய், நீங்க சாட்சி!”

“சாட்சி, சாட்சி. கத்தாத.”

கறுத்துப்போயிருந்த முனையைத் துடைத்து அதில் அரத்தை வைத்து இழுத்தாள். அரம் பிடிக்கவில்லை. கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. பதம் ஏறிவிட்டது! அவள் அரத்தைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்கும் சேர்த்து சயீத் கூவினார்.

பதம் ஏறிய இரும்பு கண்ணாடிபோல் உடைந்துவிடாமலிருக்க உடனே கேக் அடுப்பின் இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். ஒன்றரைக்குக் கத்தி வெளியே வந்தது. தேய்த்து வைத்திருந்த எஃகில், சூடு சரியாகப் பிடித்ததற்கு அடையாளமான வைக்கோல் நிறம் தகதகத்தது. புதுக் கைப்பிடி ஒட்டினால் பசை காய ஒரு நாள் வேண்டும். சுகுமாறனின் காரோ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அவர் கத்தியை வாங்கி, வெறும் இரும்பாக நீண்டிருந்த அடிப்பகுதியைப் பார்த்தார்.

“கைப்பிடி எங்கம்மா?”

“காலைல ஒடச்சிட்டேன் சார்.” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“கைப்பிடி இல்லாம அட்டையில போட முடியாதும்மா. நாளைக்கு அட்டை அச்சுக்குப் போவுது.”

வேனின் கதவில் சாய்ந்து நின்ற சயீத் தரையைப் பார்த்தார். ஆனால் அரம் வழுக்கிய அந்த உணர்வு இன்னும் யோகேஸ்வரியின் விரலில் இருந்தது.

சுகுமாறன் கேமராவை வெளியே எடுத்தார். “அந்த நீலம் வந்த படம் வச்சிருக்கீங்களா? எனக்கு அனுப்புங்க.”

இதழ் வந்தபோது அட்டையில் வேறு யாருடையதோ கத்தி. நடுவில் இரண்டு பக்கம் முழுக்க யோகேஸ்வரி. இடப்பக்கம் நீல முனை, வலப்பக்கம் கைப்பிடி இல்லாத கத்தி, கீழே அன்றைய காலை நடந்தது முழுவதும், ஓரத்தில் மூவரும் நிற்கும் படம். மூவரும் சயீத் கடையில் ஒரே மேசையில் தலைகளை முட்டிக்கொண்டு படித்தார்கள்.

“என் தொப்பை மட்டும் எப்படிய்யா இவ்வளவு தெளிவா விழுந்திருக்கு?”

“பாய், எனக்கு அரை மூஞ்சிதான் கெடச்சிருக்கு. சும்மா இருங்க.”

யோகேஸ்வரியின் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. தைப்பிங்கிலிருந்து காளிதாஸ் என்று யாரோ. ‘இப்பத்தான் உங்க பக்கத்தைப் படிச்சேன். எனக்கும் அதே இடத்துல நீலம் வந்துருச்சு. ரெண்டு நாளா ஒளிச்சு வச்சிருக்கேன். கைப்பிடிய எப்படிக் கழட்டுனீங்க?’

அவள் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேராக அழைத்துவிட்டாள்.

“அண்ணே, மொதல்ல ஆணியத் துளை போட்டு எடுங்க—”

“உளிய சாய்ச்சு வைக்கச் சொல்லு!” என்று சயீத் கைப்பேசிக்குள் குனிந்தார். “ஸ்பீக்கர்ல போடுங்கக்கா!” என்று ரூபேந்திரன் மறுபக்கம் இழுத்தான்.